பழகிப் போன குளிர்

வீட்டுப் பட்டறையில் ஒரு ஹீட்டர் மாட்டியதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். கதை எழுதுகிறவனுக்கு விஷயப் பஞ்சம் வந்துவிட்டது என்றுகூட நினைக்கலாம். ஆனால் பெரிய தத்துவக் கேள்விகள் பெரிய வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. எனக்கு ஒரு கேள்வி, ஓட்டிப் போன நாற்காலிக் கால் ஒன்றின் வழியாக வந்து சேர்ந்தது. இரண்டு மாதமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. "எனக்குப் பழகிப் போச்சு" என்று ஒரு மனிதர் சொன்னால், அதை நம்ப நமக்கு உரிமை உண்டா என்பதே அந்தக் கேள்வி.

நான் உதகமண்டலத்துக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடிக்கும் அதிகமான உயரம். மார்கழியிலும் தையிலும், வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், பள்ளத்துப் புல்வெளிகளில் உறைபனி இறங்கிவிடும். காலையில் கதவைத் திறந்தால் யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போனதுபோல் தரை வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு, மதியம் வெயிலில் காய்ந்துவிட்டு, மறுநாள் மலை இறங்கிவிடுகிறார்கள். இருப்பவர்களுக்குத்தான் அது குளிர்.

வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, தகரக் கூரை, பலகைச் சுவர். அதைத்தான் பட்டறை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். எழுத்து ஓடாத நாட்களில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று தொடங்கிய மரவேலை, மெல்ல மெல்ல ஒரு பைத்தியமாகவே முற்றிவிட்டது. எனக்குத் தொழில் கற்றுக் கொடுக்கவும், நான் கெடுத்து வைத்ததைச் சரி செய்யவும் ஓர் ஆசாரி வருகிறார். காரமடைப் பக்கத்துக்காரர். மலையேறி வந்து நெடுங்காலம் ஆகியும் அவர் பேச்சில் இருக்கும் கொங்குநாட்டு "ங்க" மட்டும் இறங்கவே இல்லை. வாரத்தில் நான்கு நாள், காலை எட்டரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். நான் பட்டறைக்குப் போவது வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணிக்கு மேல். இந்த நேர வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், ஏதோ காரியமாகக் காலையிலேயே பட்டறைக்குப் போனேன். ஆசாரி தலையையும் காதையும் மஃப்ளரால் சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகளைக் கீழே விட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டார்.

"ரொம்பக் குளிருதோ?" என்று கேட்டேன்.

"பழகிப் போச்சுங்க" என்றார்.

எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு இரண்டு குளிர்காலங்களைக் கழித்தேன்.

மூன்றாவது குளிர்காலத்தில்தான் அந்த நாற்காலி வந்தது. சில்வர் ஓக் மரத்தில், பேரனுக்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்த சிறிய நாற்காலி. துளையும் கழுந்தும் மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்தின. ஆசாரியின் கை அப்படி. பசை தடவிப் பூட்டி, இறுக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தோம். அவிழ்த்துத் தூக்கியதும் ஒரு கால் கழன்று கையோடு வந்துவிட்டது. கழுந்தின் மேல் பசை சுண்ணாம்புத் தூளாகப் பொரிந்து கிடந்தது. மறுபடியும் ஒட்டினோம். மறுபடியும் அதே கதைதான்.

பசை டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் காரணம் இருந்தது. இந்த வெள்ளைப் பசை, நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களால் ஆனது. நீரை மரம் உறிஞ்சிக்கொண்ட பிறகு துகள்கள் ஒன்றோடொன்று இளகிக் கலந்து ஒரே படலமாக வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் அவை இளகுவதில்லை. தனித்தனியே காய்ந்து மாவாக உதிர்ந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், பசைக்குக் குளிர்ந்துவிட்டது.

அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் ஹீட்டர் விலை விசாரித்தேன்.

இப்போது எழுதும்போது இந்த இடத்தில் பேனா தயங்குகிறது. அன்று தயங்கவில்லை. நல்ல காரியம் ஒன்றைச் சுறுசுறுப்பாகச் செய்கிறவனுடைய உற்சாகம்தான் என்னிடம் இருந்தது.

ஹீட்டர் என்றால் வாங்கி வைத்து, சொருகிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் பையன், என் பட்டறை விளக்குக்குப் போயிருந்த மெல்லிய கம்பியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட கம்பி அதைத் தாங்காமல் சுவருக்குள்ளேயே காய்ந்து உருகும். பலகைச் சுவர் என்பதால் பிறகு தீயணைப்பு வண்டிக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும் என்றான். மீட்டர் பலகையிலிருந்து தனியாக நான்கு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, பதினாறு ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று தனி பிரேக்கர், சரியான எர்த் எல்லாம் போட்டான்.

எந்த வகை ஹீட்டர் என்பதிலும் அவனே எனக்கு ஆசிரியன். கம்பிச் சுருள் சிவக்கச் சிவக்க எரியும் மலிவான வகை இந்த இடத்துக்கு ஆகாது. இழைப்புச் சுருளும் ரம்பத் தூளும் பறக்கிற இடத்தில் அது அடுப்பைத் திறந்து வைப்பதற்குச் சமானம். எண்ணெய் அடைத்த, பத்திகள் வரிசையாக நிற்பது போன்ற வகைதான் ஏற்றது. சூடேறும் கம்பி எண்ணெய்க்குள்ளே மூழ்கிக் கிடக்கும். வெளியே நெருப்பு தெரியாது. அந்த எண்ணெய் எரிந்து தீர்வதுமில்லை, மாற்ற வேண்டியதுமில்லை. அப்படியும் அதைச் சுற்றி மூன்றடிக்குள் சுருளோ துணியோ கிடக்கக் கூடாது. வார்னிஷ் அடிக்கிற நாளில் அதை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

"முதல்ல கூரையைப் பாருங்க சார். இல்லாட்டி நீங்க நீலகிரி முழுக்கச் சூடு பண்ணிக்கிட்டு இருப்பீங்க" என்றான். சூடான காற்று மேலேதான் போகும். மேலே இருப்பதோ வெறும் தகரம். ஆகவே தகரத்துக்குக் கீழே பலகை அடித்தோம். கதவிடுக்கில் துணிப் பட்டை வைத்தோம். மேலே ஒரு காற்றுப் புழை மட்டும் அடைக்காமல் விட்டோம்.

இதற்கிடையில் ஆசாரி ஒரு யோசனை சொன்னார். "இம்புட்டுச் செலவு எதுக்குங்க? ஒரு சட்டியில கரியைப் போட்டுக் கணப்பு வெச்சிட்டாப் போதுமுங்களே." செலவைக் கேட்டதும் எனக்கும் சபலம் தட்டியது. பையன் பதறிவிட்டான். அவன் பதறியதில் நியாயம் இருந்தது. மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற பொருளோடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் லேசான தலைவலி, பிறகு தூக்கம், அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. மலைப் பிரதேசங்களில் குளிருக்குப் பயந்து, அறையைச் சாத்திக் கணப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

கணப்புப் பேச்சு வந்ததும் ஆசாரிக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. அவர் பையனாக இருந்து தொழில் பழகிய காலத்தில் வெள்ளைப் பசை கிடையாது. வச்சிரம்தான். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரக் கட்டியை ஊற வைத்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, வெந்நீர்ச் சூட்டிலேயே உருக்கி வைத்திருக்க வேண்டும். ஆறினால் இறுகிப் போகும். அதனால் பட்டறையில் எப்போதும் ஓர் அடுப்பு கனன்றுகொண்டே இருக்கும். "பசை கிளர்ற சாக்குல நாங்களும் கையைக் காட்டிக்குவோமுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். அதற்குள் என்ன இருந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

ஹீட்டரைப் போட்டுப் பார்த்த முதல் நாள், முக்கால் மணி நேரத்தில் பட்டறை இதமாகிவிட்டது. பசை டப்பாவைச் சற்றுத் தள்ளி வைத்து இளகவிட்டு, நாற்காலிக் காலை மூன்றாம் முறையாக ஒட்டினோம். மறுநாள் அவிழ்த்துத் தூக்கி உலுக்கிப் பார்த்தோம். பாறைபோல் நின்றது. ஆசாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தார். திரும்பி வந்து, மஃப்ளரை இறுக்கிக்கொண்டு இழைக்க உட்கார்ந்தார்.

"ஏன் அணைச்சீங்க?" என்று கேட்டேன்.

"அதுதான் ஒட்டியாச்சுங்களே, இனி எதுக்குங்க கரண்டு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் குரலில் குத்தலில்லை, வருத்தமும் இல்லை. ஹீட்டர் பசைக்காக வந்தது. பசையின் வேலை முடிந்தது. ஆகவே ஹீட்டரின் வேலையும் முடிந்தது. என் மனம் போட்டு வைத்திருந்த கணக்கை, பிசகில்லாமல் அவர் எனக்குப் படித்துக் காட்டினார். அவ்வளவுதான்.

நான் மறைத்து வைத்திருக்கும் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். என் எழுத்தறையில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது, நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் மார்கழியிலேயே வந்துவிட்டது. பேனா பிடிக்க விரல் வளையவில்லை என்று மனைவியிடம் முறையிட்டு வாங்கியது. நான் பேனா பிடித்த அந்தக் காலை நேரத்தில்தான், இருபது கஜத்துக்கு அப்பால், தகரக் கூரையின் கீழ் ஒருவர் உளி பிடித்துக்கொண்டிருந்தார். பேனா தவறினால் அடித்துவிட்டு எழுதலாம். உளி தவறினால் அப்படி எழுத முடியாது.

பழக்கம் என்பது பொய்யில்லை. குளிர்நாட்டில் வாழ்கிறவர்களுக்கு நடுக்கம் குறையும். மனமும் அதைப் பெரிதாக எண்ணாது. ஆனால் உடம்பு தன் உஷ்ணத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரல் மரத்துப் போகிறது; தொடு உணர்ச்சி மங்குகிறது; பிடி தளர்கிறது. இது ஆசாரிக்கு வேறு, ஆசிரியனுக்கு வேறு என்று இயற்கை வகுத்து வைக்கவில்லை. அந்த வித்தியாசத்தை வகுத்தவன் நான்தான்.

இந்த ஊரின் பழைய பங்களாக்கள் சிலவற்றைப் போய்ப் பார்த்தேன். 1819-இல் மலையேறி வந்த கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் காலம் தொடங்கி, வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுக் குளிரைத் தேடி இங்கே வந்து வீடு கட்டினார்கள். நான் பார்த்த வீடுகளில் கூடத்திலே கணப்பு இருக்கிறது. படுக்கையறையிலே கணப்பு இருக்கிறது. பின்கட்டில் வேலைக்காரர்கள் படுத்த வரிசையில் புகைபோக்கியே காணோம். அவர்களுக்கும் பழகிப் போயிருக்கும் என்று கட்டினவர் நினைத்திருப்பார். நூற்றாண்டுக் கணக்கில் காலம் போய்விட்டது, ஆட்சி போய்விட்டது. என் கொட்டகையைக் கட்டும்போது அதே வரைபடம் என் மனத்தில் எப்படி வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை.

சட்டமும் என்னைக் கேட்டிருக்காது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலை செய்கிற இடத்தில் காற்றோட்டமும் உடம்புக்கு இதமான உஷ்ண நிலையும் இருக்க வேண்டும் என்று தன் 13-ஆம் பிரிவில் விதித்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தை அது தொழிற்சாலையாகக் கருதவில்லை. ஒரே ஒரு மனிதர் வேலை செய்கிற கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க, வீட்டுக்காரனின் மனச்சாட்சியைத் தவிர வேறு இன்ஸ்பெக்டர் கிடையாது. அந்த இன்ஸ்பெக்டருக்கோ என்னிடத்தில் நீண்ட காலமாக விடுமுறை.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் வக்கீல். விடுவாரா? "நீர் எதற்காக வாங்கினால் என்ன? சூடு வந்ததா, இல்லையா? அந்த ஆள் பலனை அனுபவித்தாரா, இல்லையா? பசைக்காக வந்த சூடும் சூடுதானே? நோக்கத்தைத் தோண்டிப் பார்ப்பது எழுத்தாளர்களுக்கு உள்ள வியாதி" என்றார்.

அவர் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. சூட்டுக்குத் தெரியுமா, தான் யாருக்காக வந்தோம் என்று? பெருமைக்காகத் தோண்டிய குளத்திலும் தாகம் தீரத்தான் செய்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. நல்ல நோக்கமும் வேறு நோக்கமும் ஒரே பாதையில் கொஞ்ச தூரம் ஒன்றாகவே நடந்து போகும். அப்போது பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வேறு நோக்கம் நிறைவேறுகிற இடத்தில்தான் பாதை பிரிகிறது. பசை ஒட்டியதும் ஸ்விட்ச் அணைந்ததே, அந்த இடத்தில்! வச்சிர அடுப்பும் அப்படித்தான். வெள்ளைப் பசை வந்ததும் அடுப்பு போய்விட்டது. இனிமேல் கை எங்கே காயும் என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அது கைக்காக எரிந்த அடுப்பல்ல. இன்னொன்றின் சாக்கில் நமக்குக் கிடைக்கிற நன்மை எப்போதும் இரவல் நன்மைதான். உடையவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனும் மலைநாட்டு அரசன்தான். தோகை விரித்த மயிலைக் கண்டு, அதற்குக் குளிருமே என்று இரங்கித் தன் போர்வையைக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் இதோடு கதை முடிந்துவிடும். ஆனால் புறநானூற்றில் கதை முடியவில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவனிடம் போய், பொன்னும் பொருளும் கேளாமல், உன் மனைவியின் துயரைத் தீர் என்று பாடினார்கள். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு, வீட்டில் இருப்பவளின் துயரை எடுத்துச் சொல்ல நாலு புலவர்கள் தேவைப்பட்டார்கள்!

பேகன் இரக்கமில்லாதவன் அல்லன். மயில் புதிதாகக் கண்ணில் பட்டது. மனைவி பழகிப் போனவள். யோசித்தால் இதுதான் விஷயம். பழகிப் போனது குளிர் அல்ல. குளிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து நம் கண்தான் பழகிப் போகிறது. என் தாயார் விறகடுப்புப் புகையில் கண் சிவக்க ஊதாங்குழல் ஊதியதை எத்தனை ஆண்டுகள் பார்த்திருப்பேன்! "கண் எரியலையா அம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன். "பழகிப் போச்சுடா" என்றாள். நானும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனேன். ஆசாரி சொன்னபோது அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்ததன் காரணம் இப்போது தெரிகிறது. சிறு வயதிலிருந்தே அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு பழகியவன் நான்.

ஒருவன் தன்னைப் பற்றி "பழகிப் போச்சு" என்று சொல்லிக்கொள்வது அவனுடைய பொறுமை. சில சமயம் அவனுடைய மானம். கேட்டுப் பெற முடியாத இடத்தில், வேண்டாம் என்று சொல்லிவிடுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்தக் கௌரவத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை ரசீதாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள நமக்கு உரிமையில்லை. கொடுக்கக் கூடியவன் கேட்கிற கேள்விக்கு, கேட்கக் கூடாதவன் சொல்லுகிற பதில் அது. அதைச் சாட்சியமாக எந்த நியாயஸ்தலமும் ஏற்காது. வக்கீல் நண்பருக்கு இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

மறுநாள் ஆசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இனிமேல் நீங்க வந்ததுலேயிருந்து போகிறவரைக்கும் ஹீட்டர் ஓடட்டும். பசை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி."

அவர் சிறிது நேரம் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, என்னைப் பாராமல் கேட்டார்: "கூலியில பிடிச்சுக்குவீங்களாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷப் பழக்கத்தில் நான் அவரிடம் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவுதான். இல்லை என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தோன்றவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கியபோது, வழக்கமில்லாத வழக்கமாக நோட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட் ஆகும். அறை சூடேறியதும் அது தானே நின்று தானே ஓடுவதால், அவ்வளவும் ஆவதில்லை. கணக்குப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

இப்போதெல்லாம் காலை எட்டு மணிக்கு நான் பட்டறைக்குப் போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வருகிறேன். இதை ஒரு தர்மமாகச் சொல்லவில்லை; பாக்கி வைத்த கடனைத் தவணையில் கட்டுகிறேன்.

போன வாரம் ஒரு நாள், அவர் வந்த பிறகு உள்ளே போனேன். பட்டறை இதமாக இருந்தது. இழைப்புச் சுருள்கள் ஹீட்டரிலிருந்து தூரத்தில் ஒழுங்காகக் கூட்டி ஒதுக்கப்பட்டிருந்தன. மஃப்ளர் ஆணியில் தொங்கியது. ஆசாரி குனிந்து கழுந்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூன்று குளிர்காலமாக, நான் பார்த்ததெல்லாம் அந்த மஃப்ளரைத்தான். அன்றுதான் அவர் தலையைப் பார்த்தேன். ஒரு முடி பாக்கியில்லாமல் நரைத்திருந்தது.

அவருக்கு என்ன வயது என்று நான் இதுவரை கேட்டதில்லை.